துபாஷியை இழந்த திரை

புதுச்சேரியில் டூப்ளே கவர்னராக இருந்த காலத்தில் கோட்டைக்கும் கடைத்தெருவுக்கும் இடையே நின்று காரியம் நடத்தியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. இரு மொழியும் அறிந்து, இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் எடுத்துரைப்பவரைத் துபாஷி என்று அக்காலத்தில் வழங்கினர். 1736 முதல் 1761 வரை பிள்ளை எழுதி வைத்த நாட்குறிப்பு இன்றும் நமக்குக் கிடைக்கிறது. அதைப் புரட்டிப் பார்ப்போருக்கு ஒன்று விளங்கும். கப்பலில் சரக்கு வந்து கிடக்கும். வாங்குவதற்கு வணிகர் காத்திருப்பர். ஆனால் இடையிலிருப்பவர் வாய் திறக்கும் வரையில் ஒரு மூட்டை கூட அசையாது.

மாணவ நண்பர்களே, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற நான் இன்று கணிப்பொறியைப் பற்றிப் பேச முற்படுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நான் பேசப் போவதும் வரலாறுதான். கணிப்பொறிக்குள்ளும் ஒரு துபாஷி இருக்கிறார். அவரை நீங்கள் டிரைவர் என்பீர்கள். தமிழில் இயக்கி என்று எழுதுகிறார்கள். அவருடைய வரலாற்றைத் தேடிப் படிக்கும்படி என்னைத் தூண்டியது எங்கள் ஊரில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி செல்லும் இருப்புப் பாதையில் கண்டனூர்-புதுவயல் என்று ஒரு நிலையம் உண்டு. அந்தப் புதுவயல்தான் எங்கள் ஊர். அரிசி ஆலைகள் மிகுந்த ஊர். இங்கே இளைஞர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய படிப்பகம் ஒன்றில் பழைய மேசைக் கணிப்பொறி ஒன்று கிடந்தது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுப் பழமை உடையது. ரங்கூனிலும் மௌல்மீனிலும் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தார் தம் வீட்டுப் பேரேடுகளை ஒளிப்படம் எடுத்துக்கொள்ள எங்களுக்கு அனுமதி கொடுத்திருந்தனர். செல்லரித்து உதிர்ந்துகொண்டிருந்த ஏடுகள் அவை. அந்தப் படங்களைத் திரையில் பார்த்து, மாணவர்கள் வரி வரியாகத் தட்டெழுத வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் பகுதியில் ஒரு கடையை அதன் விலாசத்தால்தான் அறிவர். விலாசம் என்பது பெயர்களின் முதலெழுத்துக் கோவை. அதில் ஓரெழுத்தைத் தவறாகப் படித்தால் ஒருவர் கணக்கு மற்றொருவர் கணக்காகிவிடும். ஆகவே எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

கணிப்பொறியில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கான பராமரிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் நிறுத்திவிட்டது. 2021இல் வந்த விண்டோஸ் 11 இத்தகைய பழைய பொறிகளை ஏற்பதில்லை. எனவே, பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவினான். நிறுவிய பின் திரை வந்தது. ஆனால் எழுத்தெல்லாம் பக்கவாட்டில் பருத்து, அமுக்கி வைத்த கொழுக்கட்டை போல் இருந்தது. ணகரத்துக்கும் னகரத்துக்கும் வேறுபாடு காண்பது அரிதாயிற்று. மாணவன் சளைக்கவில்லை. கிராபிக்ஸ் கார்டு செய்த நிறுவனத்தின் இயக்கியைத் தேடி இறக்கினான். புதிய பதிப்பு, இந்தக் கார்டையே தனக்குத் தெரியாது என்றது. பழைய பதிப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து நிறுவினான். அடுத்த முறை பொறியை எழுப்பியபோது திரை முழுதும் கரிய இருட்டு.

“ஐயா, கார்டு செத்துப்போச்சு. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாம்” என்றார் படிப்பகத்து நண்பர் ஒருவர். விலையும் பேசியாகிவிட்டது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு வார அவகாசம் கேட்டு வாங்கினேன். அந்த ஒரு வாரத்தில் படித்தவற்றையும் விசாரித்து அறிந்தவற்றையும்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் கார்டு என்ன செய்கிறது என்று காண்போம். எங்கள் திரை நீளத்தில் 1600 புள்ளிகளும் உயரத்தில் 900 புள்ளிகளும் கொண்டது. பெருக்கிப் பாருங்கள்: 14 லட்சத்து 40 ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்பதைத் தன் நினைவகத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒரு வினாடிக்கு அறுபது முறை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துத் திரைக்கு அனுப்புவது கார்டின் வேலை. கார்டுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. குறிப்பிட்ட முகவரியில் குறிப்பிட்ட எண்ணை எழுதினால் குறிப்பிட்ட காரியத்தைச் செய்யும், அவ்வளவே. எந்த முகவரியில் எந்த எண் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், சில வேளை அட்டைக்கு அட்டை வேறுபடும். அந்தக் குறிப்பு மொழியையும் இயங்குதளத்தின் மொழியையும் ஒருங்கே அறிந்த சிறு நிரல்தான் இயக்கி.

தொடக்கத்தில் துபாஷிக்கு வேலை குறைவு. 1981ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோது இருவகை அட்டைகளை விற்றது. ஒன்று எழுத்தை மட்டுமே காட்டும். மற்றொன்று வண்ணமும் காட்டும். ஆனால் அதன் நினைவகம் வெறும் 16 கிலோபைட். 320க்கு 200 புள்ளிகளில் நான்கு நிறங்களே அதனால் இயன்றவை. எழுத்துகளின் வடிவங்கள் 256 என்ற கணக்கில் அட்டைக்குள்ளேயே ஒரு சில்லில் பொறிக்கப்பட்டிருந்தன. தச்சன் செதுக்கிய மர அச்சைப் போல அவற்றை மாற்ற இயலாது. வண்ண அட்டையில் ஓர் எழுத்துக்குக் கிடைத்த இடம் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம். அந்தக் கட்டத்தில் ஆங்கில எழுத்து அமரும். நம் ‘ஞ’வையோ ‘ணை’யையோ அதில் உட்கார வைத்துப் பாருங்கள், வீட்டு வாசலில் தேரை நுழைக்க முயன்ற கதையாகிவிடும்.

இந்த இடத்தில்தான் நமக்கு அண்டை நாட்டவர் ஒருவர் வரலாற்றில் நுழைகிறார். தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல் என்பவர் அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவர். தம் ஆய்வேட்டை ஐ.பி.எம். பொறியில் தம் தாய்மொழியின் எழுத்திலேயே ஆக்க வேண்டும் என்று விரும்பினார். எழுத்து அட்டையில் தாய் எழுத்து கிடையாது. வண்ண அட்டையில் அந்த நுட்பமான வளைவுகளுக்குப் புள்ளி போதாது. ஆகவே 1982இல் தாமே ஓர் அட்டையை வடிவமைத்தார். 720க்கு 348 புள்ளிகள். ஒரே நிறம், ஆனால் எந்தப் புள்ளியையும் தனித்தனியே ஏற்றலாம், அணைக்கலாம். அதுவே ஹெர்குலிஸ் கார்டு என்று உலகெங்கும் விலைபோயிற்று. தன் எழுத்துத் திரையில் வரவில்லையே என்று ஒரு மாணவன் பட்ட ஆதங்கம் கணிப்பொறி வாணிகத்தின் போக்கையே மாற்றியது. இதைப் படித்தபோது எழுந்து நின்று ஒரு வணக்கம் செலுத்தலாம் போல எனக்கு இருந்தது.

ஆனால் அட்டை மட்டும் இருந்தால் போதுமா? 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்கு நிரல் ஹெர்குலிஸ் அட்டையின் மொழியை அறிந்திருந்தது. அதனாலேயே அட்டையும் பரவிற்று. அக்காலத்தில் இயக்கியை இயங்குதளம் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நிரலும் தனக்கென்று ஒரு துபாஷியைக் கூட்டிக்கொண்டு வரும். கணக்கு நிரலுக்கு ஒருவர், கடித நிரலுக்கு ஒருவர், விளையாட்டுக்கு வேறொருவர். புதிய அட்டை வாங்கினால் எல்லா நிரலுக்கும் புதிய துபாஷி தேட வேண்டும். 1990இல் விண்டோஸ் 3.0 வந்த பிறகுதான், அட்டைக்கு ஓர் இயக்கி, அதை எல்லா நிரல்களும் பொதுவாகப் பயன்படுத்தும் என்ற முறை வீட்டுக் கணிப்பொறிகளில் நிலைபெற்றது.

இதற்கிடையில் நம் நாட்டில் நடந்தது என்ன? கான்பூர் ஐ.ஐ.டி.யில் மோகன் தாம்பே முதலியோர் இந்திய எழுத்துகளைப் பொறியில் ஏற்றும் வழியை ஆராய்ந்தனர். 1983இல் தில்லியில் கூடிய உலக இந்தி மாநாட்டில் தேவநாகரிக் கணிப்பொறி ஒன்று காட்டப்பட்டது. பின்னர் புணேயில் 1988இல் சி-டாக் என்னும் அரசு ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியபோது அந்த முயற்சி அங்கே தொடர்ந்தது. ஜிஸ்ட் கார்டு என்பது அதன் விளைவு. அதனைக் கணிப்பொறியின் ஸ்லாட்டில் செருகிவிட்டால், ஆங்கிலம் ஒன்றே அறிந்த வேர்ட்ஸ்டார், டிபேஸ் போன்ற நிரல்களும் தமிழிலும் தெலுங்கிலும் வங்காளத்திலும் வேலை செய்யத் தொடங்கும். நிரல் தன் வழக்கம்போல் எழுத்தைத் திரைக்கு அனுப்பும். இந்த அட்டை நடுவில் நின்று அதை வாங்கி, நம் எழுத்தாக வரைந்து காட்டும். இங்கே துபாஷி மென்பொருளாக இராமல் அட்டையாகவே அமர்ந்திருந்தார் என்று சொல்லலாம்.

அந்த அட்டைக்கு அடிப்படையாக இருந்த குறியீட்டு முறையின் பெயர் இஸ்கி. இந்தியத் தர நிறுவனம் 1991இல் அதனை ஏற்றது. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துகள் எல்லாம் ஒரே வரிசை முறையைப் பின்பற்றுவன என்பதால், ககரத்துக்கு எல்லா மொழியிலும் ஒரே எண் தரப்பட்டது. தமிழில் தட்டிய பெயரை ஒரு விசையை அழுத்தித் தேவநாகரியில் காணலாம். வரலாறு படித்தவனுக்கு இது பெருமகிழ்ச்சி தரும் செய்தி. எழுத்துகளின் உறவுமுறையைப் பொறி ஒப்புக்கொண்டது போலாகும். அதே 1991இல் வெளியான யூனிகோட் தொகுப்பிலும் தமிழுக்குரிய இடம் இஸ்கியின் முந்தைய வடிவத்தைத் தழுவியே அமைந்தது. அவ்வொழுங்கு தமிழுக்குப் பொருந்துமா என்ற வாதம் தனி வரலாறு. அதில் இப்போது இறங்கினால் நம் கார்டு இரும்புக் கடைக்குப் போய்விடும்.

கடல் கடந்த தமிழர்கள் வேறொரு வழியில் சென்றனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்னும் தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். 1984இல் வந்த ஈ.ஜி.ஏ. அட்டையும் 1987இல் வந்த வி.ஜி.ஏ. அட்டையும் எழுத்து வடிவங்களை நிரலின் வாயிலாக மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தன. மர அச்சுக்குப் பதில் வார்ப்பு அச்சு வந்தது போல என்று கொள்ளுங்கள். தனி அட்டையின் தேவை மெல்ல மெல்லக் குறைந்தது.

வி.ஜி.ஏ.யின் தரம் 640க்கு 480 புள்ளிகள். அதற்கு மேல் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் சென்றதால் குழப்பம் மிகுந்தது. அப்போது அட்டை செய்வோர் பலர் கூடி வேசா என்ற பொது அமைப்பை ஏற்படுத்தினர். 1989 முதல் அவ்வமைப்பு சில பொது விதிகளை வகுத்தது. எந்த அட்டையாயினும் இந்தச் சில சொற்களுக்காவது விடை கூற வேண்டும் என்பது அதன் சாரம். சந்தைக்கு வரும் வேற்று மொழியாளன் ‘அரிசி, உப்பு, எவ்வளவு’ என்ற மூன்று சொல்லை வைத்துக்கொண்டு பிழைத்துவிடுவதில்லையா? வேசா மொழி அத்தகையது. பிழைக்கலாம், ஆனால் பேச்சு நயமாக இராது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1990களின் நடுவே முப்பரிமாண விளையாட்டுகள் வந்தன. 1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டை இளைஞர்களை மயக்கிற்று. 1999இல் என்விடியா நிறுவனத்தின் ஜீஃபோர்ஸ் 256 வெளிவந்தது. அட்டை தானே ஒரு கணிப்பொறியாக மாறியது. துபாஷியின் வேலையும் பன்மடங்காகியது. சில நூறு வரி நிரலாக இருந்த இயக்கி லட்சக்கணக்கான வரிகளாக வளர்ந்தது. எந்த விளையாட்டு வேகமாக ஓடும் என்பது இயக்கி எழுதுபவனின் திறமையைப் பொறுத்ததாகிவிட்டது. ஆகவே நிறுவனங்கள் அதனைத் தொழில் இரகசியமாகப் பூட்டி வைத்தன.

பூட்டினால் நேர்வது என்ன? 2000ஆம் ஆண்டு டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸ் நொடித்துத் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்றது. அடுத்த ஆண்டு விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது வூடூ அட்டைகளுக்கு முறையாக இயக்கி எழுதித்தர நிறுவனம் இல்லை. அட்டைகள் நல்ல நிலையில்தான் இருந்தன. அவற்றை வைத்திருந்தவர்கள் தாங்களே கூடிக் கிடைத்ததை ஒட்டுப்போட்டுப் பல ஆண்டுகள் ஓட்டினார்கள். 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது இயக்கிகளுக்கான அமைப்பே மாற்றப்பட்டது. அதன் பின்னர் ஒரு வழக்கில் வெளியான மைக்ரோசாப்டின் உள்மடல்களின்படி, 2007இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் ஏறத்தாழ 29 விழுக்காடு என்விடியாவின் இயக்கிகளால் நேர்ந்தவை. குறை யாருடையது என்று இரு தரப்பாரும் வாதிடலாம். துபாஷி தடுமாறினால் அரண்மனையே முடங்கிப் போகிறது என்பது மட்டும் தெளிவு.

இனி லினக்ஸின் கதைக்கு வருவோம். இதன் வேர் ஓர் அச்சுப்பொறியில் இருக்கிறது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் பணியாற்றினார். அங்கு வந்த புதிய லேசர் அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் எல்லோருக்கும் செய்தி அனுப்பும்படி அதன் நிரலைத் திருத்த எண்ணினார். முன்னிருந்த அச்சுப்பொறிக்கு அவர் அப்படித்தான் செய்திருந்தார். புதியதன் மூல நிரலைக் கேட்டபோது, காட்டுவதில்லை என ஒப்பந்தம் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். அந்த மனத்தாங்கலும் சேர்ந்தே 1983இல் அவர் தொடங்கிய குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு வித்தாயிற்று. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கெர்னல் அதனோடு சேர்ந்தது. கெர்னல் என்றால் இயங்குதளத்தின் உட்கரு.

கெர்னலுக்கு ஓர் இயல்பு உண்டு. தன் உள்ளமைப்பை அது அடிக்கடி மாற்றிக்கொள்ளும். எங்கள் ஊர் இருப்புப் பாதையை வைத்து இதனை விளக்கலாம். நான் சிறுவனாக இருந்தபோது அது மீட்டர் பாதை. பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்து அகலப் பாதையாக்கினர். சில ஆண்டுகள் வண்டியே இல்லாமல் இருந்து, பின்னர் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. பழைய மீட்டர் பாதை எஞ்சின் எவ்வளவு நல்லதாயினும் புதிய பாதையில் ஓடாது. லினக்ஸ் தன் பணிமனைக்குள்ளேயே இருக்கும் எஞ்சின்களுக்கு, பாதையை அகலமாக்கும்போதே சக்கரத்தையும் மாற்றிவிடுகிறது. பாதையை மாற்றுபவரே அதையும் செய்ய வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். வெளியே ஒருவர் பூட்டி வைத்திருக்கும் எஞ்சினுக்கு அப்படிச் செய்ய முடியாது. பூட்டியவரே வந்து மாற்ற வேண்டும். அவர் வராமற்போனால்?

அப்படித்தான் நிகழ்கிறது. என்விடியா தன் பழைய அட்டைகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கடைசி இயக்கியைத் தந்து ஓய்வளிக்கும். ஜீஃபோர்ஸ் 8, 9, 200 வரிசைகளுக்கான 340 என்னும் இயக்கித் தொடர் 2019ஆம் ஆண்டின் முடிவோடு நின்றது. நிறுவனத்தைக் குறை கூறிப் பயனில்லை. விற்ற பொருளுக்குப் பத்தாண்டு பணி செய்வது சிறிய காரியமன்று. ஆனால் தானும் பார்ப்பதில்லை, பிறரையும் பார்க்க விடுவதில்லை என்பதுதான் வருத்தம். 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய டோர்வால்ட்ஸ், மேடையிலேயே அந்நிறுவனத்தை நோக்கி மரியாதையற்ற சைகை ஒன்று காட்டினார். தலைமையாசிரியனாக இருந்தவன் என்ற முறையில் அந்தச் செய்கையை என்னால் ஏற்க இயலாது. அவர் சினத்தின் காரணத்தை மட்டும் ஏற்கிறேன்.

சினம் கொள்ளாமல் வேறொன்று செய்தவர்களும் உண்டு. ஸ்டெஃபான் மார்ஷசின் என்ற பிரெஞ்சு இளைஞர் 2005, 2006ஆம் ஆண்டுகளில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். பூட்டிய இயக்கி அட்டையின் எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதுகிறது என்று ஒட்டுக்கேட்டுக் குறித்துக்கொள்வது. அந்த எண்ணால் திரையில் என்ன மாறுகிறது என்று பார்ப்பது. இப்படி ஆயிரமாயிரம் குறிப்புகளிலிருந்து அட்டையின் மொழிக்கு ஓர் அகராதியும் இலக்கணமும் ஆக்குவது. பிராமிக் கல்வெட்டுகளை ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் படித்தறிந்த கதையை உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அவருக்குக் கை கொடுத்தவை பௌத்தத் தூபிக்கு அளித்த கொடையைக் குறிக்கும் சிறு சிறு வாசகங்கள். எல்லாம் ஒரே மாதிரி முடிவதைக் கண்டு, அது கொடை என்னும் சொல்லாக இருக்கலாம் என்று ஊகித்தார். இவர்கள் செய்ததும் அம்முறையே. இந்த இயக்கிக்கு நூவோ என்று பெயர். பிரெஞ்சில் ‘புதியது’ என்று பொருள். மார்ஷசின் ‘என்.வி.’ என்று தட்டியபோது அவருடைய அரட்டை நிரல் தானே அதை ‘நூவோ’ என்று மாற்றியதாம். அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். 2010இல் வெளியான லினக்ஸ் 2.6.33 பதிப்பில் நூவோ கெர்னலோடு சேர்ந்தது. அதாவது, எஞ்சின் பணிமனைக்குள் வந்துவிட்டது.

ஊதியமின்றி உழைத்தவர் பலர். அவர்கள் ஆக்கிய இயக்கி, நிறுவனத்தின் இயக்கியளவு வேகம் தரவில்லை என்பது உண்மை. அட்டையின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதியைப் படித்தறிவது பெரும்பாடாக இருந்தது. பிற்கால அட்டைகளில் அப்பகுதி கையொப்பமிட்ட பூட்டுக்குள் போய்விட்டது. ஏ.எம்.டி. நிறுவனம் 2007இல் தன் அட்டைகளின் மொழிக் குறிப்பை வெளியிட முன்வந்தது. இன்டெல் நிறுவனத்தார் தம் இயக்கிகளைத் திறந்த முறையிலேயே எழுதினர். 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் என்விடியாவும் தன் இயக்கியின் கெர்னல் பகுதியைத் திறந்து வைத்தது. ஆயினும் 2018இல் வந்த தலைமுறை முதலான அட்டைகளுக்கே அது பொருந்தும்.

நம் மாநிலத்தில் இந்த வரலாறு பலருடைய வீட்டுக்குள் வந்தது. சென்னை சி-டாக் நிறுவனத்தார் டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்ற இந்திய இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டனர். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் அதுவும் இடம்பெற்றது. உங்கள் அண்ணனோ அக்காவோ பெற்ற மடிக்கணினி பரணில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அப்படி ஒன்றை ஒரு மாணவி என்னிடம் கொண்டு வந்தாள். அதில் இருந்தது இன்டெல் செய்த திரைச் சுற்று. புதிய லினக்ஸை ஏற்றியதும், ஒரு வார்த்தை கேட்காமல் திரை முழு அளவில் வந்தது.

இதைக் கண்டதும் எனக்கு ஓர் ஐயம் தோன்றிற்று. எங்கள் படிப்பகத்துக் கார்டு செய்த நிறுவனத்தின் பெயரைச் சொல்ல வேண்டுவதில்லை. அந்த அட்டைக்கும் திறந்த இயக்கி ஒன்று கெர்னலுக்குள் இருப்பதாகத்தான் நூல்கள் கூறின. பின் ஏன் எழுத்துக் கொழுக்கட்டையாயிற்று?

மாணவனை அழைத்து, தொடக்கத்திலிருந்து செய்ததை ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கற்பித்த பழைய முறை அது. பிழையைத் தேடாதே, மாணவன் நடந்த வழியைத் தேடு என்பார்கள். மூன்றாம் வரியிலேயே விடை இருந்தது. நிறுவும்போது வந்த பட்டியலில் ‘பாதுகாப்பான கிராபிக்ஸ்’ என்ற வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். “பழைய பொறியாச்சே ஐயா, பாதுகாப்பா இருக்கட்டும்னு” என்றான். அந்த வழியில் சென்றால் ‘நோமோட்செட்’ என்னும் ஒரு சொல் கெர்னலுக்கு அனுப்பப்படும். திரையின் அளவை நிர்ணயிக்கும் வேலையில் இயக்கி தலையிட வேண்டா என்று அதற்குப் பொருள். நிறுவல் முடிந்த பின்பும் அந்தச் சொல் தொடக்கக் கோப்பில் தங்கிவிட்டது. துபாஷி வீட்டுக்குள்ளேயே இருந்தார். வாயைத் திறக்காதே என்று ஒவ்வொரு நாளும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அவர் பேசாதபோது, கணிப்பொறி 1989இன் வேசா மொழியில் 1024க்கு 768 புள்ளிகளைக் கேட்டு வாங்கிற்று. நான்குக்கு மூன்று என்ற வடிவிலான அந்தப் படத்தை அகன்ற திரை தன் அளவுக்கு இழுத்ததால், எழுத்து மூன்றில் ஒரு பங்கு பருத்துவிட்டது.

அடுத்த பிழை முதற்பிழையின் பிள்ளை. நிறுவனத்தின் பழைய இயக்கியை ஏற்றியபோது, அது போட்டிக்கு ஆள் இருக்கக் கூடாதென்று திறந்த இயக்கியைத் தடைப் பட்டியலில் எழுதிவிட்டது. பிறகு புதிய கெர்னலின் அகலப் பாதையில் தானும் ஓட முடியாமல் நின்றது. இருந்தவரையும் விரட்டி, தானும் பேசாதிருந்தால் திரை இருட்டாகாமல் என்ன செய்யும்?

திருத்தும் வேலை ஒரு பிற்பகலில் முடிந்தது. முதலில் கார்டைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை எழுத்தழிக்கும் ரப்பரால் மெல்லத் துடைத்து, ஸ்லாட்டின் தூசியை ஊதி மீண்டும் செருகினோம். அரிசி ஆலைத் தவிட்டுத் தூசு எங்கள் ஊரில் எதையும் விடாது. பொறியை எழுப்பும்போது வரும் பட்டியலில் மீட்பு முறையைத் தேர்ந்து, படமில்லாத வெறும் எழுத்துத் திரைக்குள் சென்றோம். நிறுவனத்தின் இயக்கியை நீக்கினோம். தடைப் பட்டியல் கோப்பை அகற்றினோம். தொடக்கக் கோப்பில் இருந்த ‘நோமோட்செட்’ என்ற சொல்லை அழித்து, அம்மாற்றங்களைத் தொடக்க நிரல் ஏற்கும்படி புதுப்பித்தோம். எல்லாவற்றையும் மாணவன் கையாலேயே செய்வித்தேன். ஒவ்வொன்றையும் செய்யுமுன் நோட்டில் எழுதிவிட்டுச் செய் என்று மட்டும் வற்புறுத்தினேன். இடையில் தவறினால் எந்தப் படியில் தவறியது என்று தெரிய வேண்டுமல்லவா?

மறுபடி எழுப்பினோம். சில வினாடிகள் இருட்டு. நண்பர் இரும்புக்காரரின் எண்ணைத் தேடத் தொடங்கிவிட்டார். பிறகு ஒரு சிமிட்டல், 1600க்கு 900. பேரேட்டின் முதற்பக்கப் படத்தைத் திறந்தோம். மை மங்கிய இடத்திலும் ணகரத்தின் சுழிகளை எண்ண முடிந்தது.

இப்போது நான்கு மாணவர்கள் மாலை வேளைகளில் தட்டெழுதுகிறார்கள். மா, காணி, முந்திரி முதலிய பழைய கணக்குக் குறிகள் 2019இல் யூனிகோடில் சேர்ந்தவை என்பதால் அவற்றையும் அப்படியே இட வழி இருக்கிறது; அக்குறிகளைக் கொண்ட எழுத்துரு இல்லாதபோது வெறுங்கட்டம்தான் தெரிகிறது, அதற்கும் ஒன்று தேடி நிறுவியிருக்கிறோம். இதுவரை முப்பத்தேழு பக்கங்கள் முடிந்துள்ளன. அவற்றை அச்சிட்டு அந்தக் குடும்பத்தாரிடம் கொடுக்க வேண்டும் என்று மாணவர்கள் விரும்புகிறார்கள். படிப்பகத்தின் மூலையில் பழைய அச்சுப்பொறி ஒன்று இருக்கிறது. அதற்கான இயக்கி இன்னும் அகப்படவில்லை. மாணவன் நோட்டில் புதிய பக்கம் ஒன்றைத் திருப்பி, முதல் வரியை எழுதி வைத்திருக்கிறான்.